சுமக்க வேண்டிய இடம்

பழைய ரைஃபிளின் மரக்கட்டை எங்கே முதலில் விரிசல் விடும் என்று, துப்பாக்கி பழுதுபார்க்கும் எந்த ஆர்மரரைக் கேட்டாலும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார். ரிசீவர் என்னும் இரும்பு உடல் பின்பக்கம் மெலிந்து வாலாக முடிகிறது. அந்த வாலுக்கு நேர் பின்னால் மெல்லிய கோடு ஒன்று தோன்றி, கைப்பிடிப் பக்கம் ஓடும். மரம் கெட்டுவிட்டது என்று துப்பாக்கிக்காரர் நினைப்பார். ஆனால் காரணம் ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் இருக்கிறது.

1898-இல் உருவான மௌசர் வகை ரைஃபிள்களில், குழல் திருகப்பட்டிருக்கும் இடத்துக்கு அடியில் தடித்த இரும்பு முளை ஒன்று உண்டு. தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி வரும் உதைப்பு முழுவதையும் கட்டையில் இறக்குவது அந்த முளையின் பொறுப்பு. அது உட்காருவதற்கென்றே கட்டையில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஐம்பது, அறுபது ஆண்டுகளில் துப்பாக்கி எண்ணெய் ஊறி அந்தப் பள்ளத்தின் பின்சுவர் மெத்தென்று ஆகிவிடுகிறது. ஒவ்வொரு உதைப்பிலும் இம்மி இம்மியாக நசுங்குகிறது. முளைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழுந்ததும் இரும்பு பின்னால் நகர்ந்து, வால் மரத்துக்குள் ஆப்பாக இறங்குகிறது. வாலை யாரும் சுமப்பதற்காகச் செய்யவில்லை. சுமக்க வேண்டியது சுமக்காமல் விட்டதால் சுமக்கக் கூடாத இடம் பிளக்கிறது.

பழைய ரைஃபிளுக்குக் கண்ணாடி இழையாலான புதிய ஃபைபர் கட்டை பொருத்துவது பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இந்த விரிசல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இதே விரிசலை வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

சென்னையை அடுத்த பெருங்களத்தூர், தாம்பரம் பக்கத்தில் துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள் சிலரே. ராணுவத்திலிருந்தும் விமானப்படையிலிருந்தும் ஓய்வு பெற்று இங்கே வீடு கட்டியவர்கள், மலைத்தோட்டங்களில் வேலை பார்த்த குடும்பத்தார், ரைஃபிள் கிளப் உறுப்பினர்கள். சிலருடையது தந்தையிடமிருந்தோ பாட்டனிடமிருந்தோ வாரிசுரிமையில் வந்தது. அந்தத் தலைமுறையில் ரைஃபிளுக்குக் காட்டில் வேலை இருந்தது. வேட்டை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் சேலம், தருமபுரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி நடந்தது .405 வின்செஸ்டரைத் தோளில் போட்டுக்கொண்டுதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. முடித்தது நல்லதே. இன்று அந்த இரும்புக்கு எஞ்சியிருக்கும் நேரான வேலை, சுடுதளத்தில் காகித இலக்கைச் சுடுவது.

அந்த வேலைக்கு நம் ஊரின் காற்று பெரிய தடை. ரைஃபிள் கட்டைக்கு உலகெங்கும் விரும்பப்பட்ட மரம் வால்நட், நம் வழக்கில் அக்ரூட். நல்ல மரம்தான். ஆனால் எந்த மரமும் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். நார் ஓடும் நீளவாக்கில் பெரிதாக மாறாது. குறுக்குவாக்கில் வீங்கும், சுருங்கும். ஐப்பசி அடைமழையில் கட்டையின் முன்பகுதி ஒரு பக்கமாக வளைந்து குழலைத் தள்ளினால், சித்திரையில் சரிபார்த்து வைத்த குறி வேறெங்கோ போய்விடும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு மரம் ஈரத்தில் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகும் கதவுகள் நிலையில் பொருந்தாமல் நின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது நம் நாட்டு வழக்கம். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16 அன்று அறிவிக்கப்பட்டது. வாக்குகள் எண்ணப்பட்டது ஜூன் 4 அன்று. இரண்டரை மாதம். ஒப்படைப்பது சரியான ஏற்பாடு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கி இரண்டரை மாதம் அப்படியே நிற்கும். எண்ணெய் போட்டுத் துடைக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. இரும்பில் மேலே விட்ட எண்ணெய் கீழே வழிந்து, வாலுக்குப் பின்னாலுள்ள மரத்திலேயே ஊறும்.

மரத்தை விட்டு ஃபைபருக்குப் போன வரலாறும் ஈரத்திலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்க மரைன் படை 1966-இல் ரெமிங்டன் 700 ரைஃபிளை எம்40 என்ற பெயரில் எடுத்துக்கொண்டு வியட்நாமுக்குப் போனது. கட்டை மரம். அந்த நாட்டுக் காட்டின் ஈரத்தில் மரம் ஊதி வளைந்து குழலை முட்டியது, குறி நிலைக்கவில்லை. 1970-களில் அதே இரும்பை மக்மில்லன் செய்த கண்ணாடி இழைக் கட்டையில் உட்காரவைத்து எம்40ஏ1 என்றார்கள். மாறியவற்றில் முதன்மையானது கட்டைதான். வியட்நாமின் காற்றும் சென்னையின் காற்றும் ஈரத்தில் உறவுக்காரர்கள்.

நம் கடற்கரைக்கும் ஃபைபர் புதிதல்ல. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையிலிருந்து இயங்கி, அலையைத் தாண்டி நேரே மணலில் ஏறக்கூடிய ஃபைபர் படகுகளை உருவாக்கிப் பார்த்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த குப்பங்களில் ஃபைபர் படகுகள் நிறைந்தன. ரெசின், மேட், ஜெல்கோட் என்ற சொற்கள் கோவளத்து இளைஞர்களுக்கு வலை, துடுப்பு போலவே தெரியும். தாம்பரம் பக்கத்துப் பட்டறைகளிலும் அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் ஃபைபர் கட்டை போட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்துவிடக் கூடாது. முதலில் இரும்பைப் பார்க்க வேண்டும். குழலின் உள்வரிகள் துருவில் அரிக்கப்பட்டிருந்தாலோ, போல்ட்டின் பூட்டு முனைகள் தேய்ந்து தோட்டா இருக்கும் அறையில் இடைவெளி கூடியிருந்தாலோ, புதிய கட்டைக்குச் செலவழிப்பது வீண். ஆபத்தும்கூட. இதைச் சொல்லும் தகுதி உரிமம் பெற்ற ஆர்மரருக்கே உண்டு. அடுத்து, மரத்தைப் பார்க்க வேண்டும். சில கட்டைகளை மாற்றவே கூடாது. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907-இல் பரிசாகத் தந்த .275 ரிக்பி ஒரு மௌசர்தான். அதன் மரம் அந்த மனிதரின் கன்னம் பட்ட மரம். உங்கள் பாட்டனின் துப்பாக்கியும் பிறந்தபடியே முழுமையாக இருந்தால், அதைக் கண்ணாடிப் பெட்டியில் ஈரம் தாக்காமல் காத்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெட்டி, ஒட்டி, கட்டை மாற்றிய ரைஃபிள்தான் ஃபைபருக்கு உரியது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க மட்டுமல்லாமல், அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் கேட்கிறது. குழலைக் குறுக்குவதற்குத் தனியாக அனுமதி வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பெருங்களத்தூர் 2022 ஜனவரி 1 அன்று தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்துக்குள் வருகிறது. கட்டை மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு செய்யுங்கள். இரும்பு பொருத்தாத வெறும் ஃபைபர் கட்டையை வண்ணம் பூச எந்தப் பட்டறைக்கும் கொடுக்கலாம். இரும்பு உரிமம் பெற்ற இடத்தைத் தாண்டக் கூடாது.

ஃபைபர் கட்டையை முழுமை பெறாத ஓடாக வாங்குங்கள் என்பேன். ஏன் அப்படித் தேடவேண்டும்? விலை குறைவு என்பது சிறிய காரணம். இன்று விற்கும் ஃபைபர் கட்டைகள் இன்றைய ரைஃபிள்களுக்கு அளவெடுத்தவை. எண்பது ஆண்டுக்கு முந்தைய இரும்பில், இடையில் வந்த கைகள் எத்தனையோ மாற்றங்களைச் செய்திருக்கும். குழல் மாறியிருக்கும், விசை மாறியிருக்கும், திருகு அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். உள்பள்ளம் முழுதாக வெட்டாத, வெளிப்புறம் தேய்க்காத ஓடுதான் அந்த இரும்பின் வரலாற்றுக்கு இடம் கொடுக்கும். எடுக்கும்போது மூன்றைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். ரிசீவர் உட்காரும் பகுதி உள்ளே கெட்டியாக நிரப்பப்பட்டிருக்கிறதா, வெறும் நுரையா? ரெசின் பாலியெஸ்டரா, எபாக்ஸியா? பாலியெஸ்டர் இறுகும்போது அதிகம் சுருங்கும், எபாக்ஸி குறைவாகச் சுருங்கும். பின்முனையில் வெட்டிக்கொள்ள நீளம் விட்டிருக்கிறதா? வண்ணம், பளபளப்பு, அச்சின் தையல் கோடு, ஊசித் துளைகள் எல்லாம் பிறகு பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுச் சரிசெய்யக்கூடியவை.

பொருத்தும் வேலை, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, போல்ட்டைக் கழற்றித் தனியே வைப்பதில் தொடங்குகிறது. பத்து நிமிடம் முன்பு பார்த்திருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம் இரும்பின் அடியில் மெல்லியதாக நீல மை தடவி, ஓட்டில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். மை பட்ட இடம் உயரம். அங்கே மட்டும் சுரண்டலோ அரமோ. மறுபடி மை, மறுபடி வைத்து எடுத்தல். இந்த வேலையை வேகமாகச் செய்ய வழியே இல்லை. எடுத்துவிட்டதைத் திரும்ப வைக்க முடியாது. இரும்பு நேராக உட்கார்ந்து, போல்ட், விசை, தோட்டாப் பெட்டி எல்லாம் தட்டாமல் இயங்கிய பிறகே எபாக்ஸிப் படுக்கை.

அந்தப் படுக்கையில்தான் முதலில் சொன்ன முளை வருகிறது. முளையின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பக்கம் நான்கிலும் டேப் ஒட்டுவார்கள். பின்பக்கத்தில் ஒட்டமாட்டார்கள். எபாக்ஸி இறுகி டேப்பை உரித்ததும் முளைக்கு அந்த நான்கு பக்கமும் மூச்சுவிட இடம் இருக்கும், பின்பக்கம் மட்டும் சுவரோடு முழுதாக ஒட்டி நிற்கும். உதைப்பு அந்தப் பரப்பு முழுவதிலும் ஒரே சீராக இறங்கும். வாலுக்குப் பின்னால் மெல்லிய இடைவெளி விடுவார்கள். திருகுகள் துளையின் சுவரைத் தொடக் கூடாது. அவற்றைச் சுற்றி அலுமினியக் குழாய் ஊன்றி, இறுக்கும்போது ஓடு நசுங்காமல் பார்த்துக்கொள்வார்கள். இரும்பெங்கும் மெழுகு தடவி, ஒவ்வொரு துளையிலும் களிமண் அடைத்தாக வேண்டும். ஒரு துளையை மறந்தால் எபாக்ஸி உள்ளே புகுந்து பூட்டிக்கொள்ளும். பிறகு கட்டையை உடைத்துத்தான் இரும்பை எடுக்க முடியும்.

பெருங்களத்தூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர் ஒருவர் இந்த வேலையை இரண்டு வரியில் சொல்வார். "தம்பி, தொடுற இடம் முழுசாத் தொடணும். தொடக் கூடாத இடம் முழுசா விலகணும்." குழலும் முன்கட்டையும் எவ்வளவு விலகணும் சார் என்று கேட்டேன். "ரூபாய் நோட்டை அடியில விட்டு ரிசீவர் வரைக்கும் இழு. எங்கேயும் சிக்கக் கூடாது. லேசாத் தொட்டுக்கிட்டு இருக்கு பாரு, அதுதான் ஆளைக் கெடுக்கும். சூடேறினா ஒரு மாதிரி தள்ளும், ஆறினா வேற மாதிரி."

இதே விரிசலைப் பார்த்ததாக முதலில் சொன்ன அந்த வீடுகளைப் பற்றி இப்போது சொல்கிறேன். படுக்கையில் கிடக்கும் தாய். மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான். அடுத்தவன் ஞாயிற்றுக்கிழமை வந்து மாத்திரை அட்டையைப் பார்த்து, அரை மணி நேரம் அறிவுரை சொல்லிவிட்டுப் போகிறான். இரவில் புரட்டிப் படுக்கவைப்பதும், துணி மாற்றுவதும், அதே காலையில் மின்சார ரயில் ஏறி வேலைக்கு ஓடுவதும் கடைசி மகள், அல்லது ஒரு மருமகள். சில மாதங்களில் அவள் குரல் உயர்கிறது, சட்டென்று அழுகிறாள், எரிந்து விழுகிறாள். உறவினர் சொல்வது: "அவளுக்குக் கோபம் ஜாஸ்தி." விரிசல் அவளிடம் தெரிகிறது என்பதால் குறையும் அவளிடம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஒரு சாண் முன்னால், சுமக்க வேண்டியவர்கள் நகர்ந்து நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007-இல் சட்டமே வந்திருக்கிறது. அது பிள்ளைகளிடம் பணம் வாங்கித் தரும். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தில் நிற்கும் தோளைச் சட்டத்தால் தர முடியாது.

அந்த மகன்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். முழுவதும் விட்டிருந்தால்கூட அந்தப் பெண் வேறு ஏற்பாடு செய்திருப்பாள். செவிலியர் ஒருவரை அமர்த்தியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைக் கைதான் எதையும் முடிவுசெய்ய விடாமல் அவளைத் தடுக்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. மகனுக்குத் திருமணம் முடித்துத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டு, அவர்கள் வீட்டுச் சமையல் முதல் கடன் தவணை வரை லேசாகக் கைவைத்துக்கொண்டே இருக்கும் தந்தையர். அன்புதான். ஆனால் விலக வேண்டிய இடத்தில் முழுதாக விலகாத அன்பு, அந்த வீட்டில் சூடேறும் நாளில் எந்தப் பக்கம் தள்ளும் என்று யாருக்கும் தெரியாது. எதை நான் முழுதாகத் தாங்குகிறேன், எதை முழுதாக விட்டேன் என்று அவரவர் தம் வீட்டில் ஒருமுறை நோட்டை இழுத்துப் பார்க்கலாம்.

கட்டைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் ஆளுக்கேற்ற அளவு என்ற செய்தி பாக்கியிருக்கிறது. இந்திய ராணுவமும் காவல்துறையும் பல பத்தாண்டுகள் தூக்கிய .303 லீ-என்ஃபீல்டின் பின்கட்டை நான்கு நீளங்களில் வந்தது: வழக்கமானது, அரை அங்குலம் நீண்டது, அரை அங்குலம் குட்டை, ஓர் அங்குலம் குட்டை. நூறு ஆண்டுக்கு முன்பே, கட்டளைக்கு நிற்கும் சிப்பாய்க்குக்கூட அவன் கைநீளத்தைப் பார்த்துக் கட்டை கொடுத்தார்கள். இன்றைய தொழிற்சாலைக் கட்டைகள் பலவும் விசையிலிருந்து பின்முனை வரை சுமார் 13½ அங்குலம். நம் பெண்களுக்கும் பதின்வயதினருக்கும் அது நீளம். கழுத்தை நீட்டி, தோளைப் பின்னால் இழுத்துச் சுடும் பிள்ளையைப் பார்த்து, "நிற்கத் தெரியவில்லை" என்று பயிற்சியாளர் சத்தம் போடுவதைக் கேட்கும்போது மனம் வேதனைப்படுகிறது. நிற்கத் தெரியாதது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை, கட்டை இன்னொருவருடையது. ஆகவே வெட்டாத நீளம் கையில் இருக்கும்போது அவசரப்படாதீர்கள். சுடப்போகிறவர் கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திறக்கட்டும். குறிக்கண்ணாடி நேரே தெரிய வேண்டும். பழைய கட்டைகள் இரும்புக் குறிகளுக்காகக் கன்னப் பகுதி தாழ்ந்து செய்யப்பட்டவை. தொலைநோக்கி வைத்தால் அங்கே மேடு கூட்ட வேண்டியிருக்கும். அதையும் இப்போதே அளந்துகொள்ளுங்கள்.

வேலை செய்பவரின் உடம்பு பற்றியும் ஒரு சொல். கண்ணாடி இழைத் தூசி தோலில் அரிக்கும், நுரையீரலில் தங்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். முகமூடி போட்டே தீர வேண்டும். பாலியெஸ்டர் ரெசினுக்குக் கலக்கும் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கரைத்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். பட்டறையில் பதினெட்டு வயதுப் பையன் முகத்தில் துணிகூட இல்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கட்டையை வாங்காமல் திரும்பி வருவது நம் கடமை என்று நினைக்கிறேன். காகித இலக்கில் ஒரு அங்குலம் நெருங்குவதற்காக ஒருவன் மூச்சு போகக் கூடாது.

வண்ணம் உங்கள் விருப்பம். கறுப்பு மட்டும் வேண்டாம், அது வெயிலில் அதிகம் சூடேறும். அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி பலவும் 50, 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அக்னி நட்சத்திரத்தில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆர்மரர் விசையையும் பாதுகாப்புக் கொக்கியையும் காலித் துப்பாக்கியில் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, சுடுதளத்தில் அதிகாரி முன்னிலையில் முதல் தோட்டா.

கழற்றிய பழைய மரக்கட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விரிசலைத் துடைத்து, எண்ணெய்ப் பசையைப் போக்கி, எந்த ரைஃபிளுடையது, எந்த ஆண்டு மாற்றியது, யார் வைத்திருந்தது என்று அட்டையில் எழுதிக் கட்டி, உலர்ந்த அலமாரியில் படுக்கவைத்து வையுங்கள். சுடுவதற்கு உங்கள் வீட்டில் இனி யாரும் இல்லை என்றால், துப்பாக்கியையும் பீரோவில் பூட்டி மறந்துவிடாதீர்கள். உரிமம் முடிவதற்குள் முறைப்படி விண்ணப்பித்து, உரிமமுள்ள ஒரு விளையாட்டு வீரருக்கு மாற்றிக்கொடுங்கள். கொடுக்கும்போது அந்த மரக்கட்டையையும் சேர்த்துக் கொடுங்கள்.